அட்டைக்கு இந்தப் பக்கம்

எனக்குப் படிப்பு ஏழாவது. ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். பதினெட்டு வயசில் திண்டுக்கல்லில் ஒரு மில்லில் சேர்ந்தேன். மில் கபடி டீமில் ஆடினேன். முட்டி போச்சு. ஆட்டத்தை விட்டேன், விசிலை எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் எந்த ஊரில் கபடி போட்டாலும் என்னைத்தான் அம்பயராகக் கூப்பிடுவார்கள். ஒரு துண்டு போடுவார்கள், சோறு போடுவார்கள். அம்புட்டுதான். அடி மட்டும் வாங்கியதில்லை. மற்றவர்கள் வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தரை விசிலோடு கிணற்றுமேடு வரைக்கும் விரட்டியதை நானே பார்த்தேன்.

நான் தப்பித்ததற்கு ஒரு வழி இருந்தது. சரிக்கட்டுவது. உள்ளூர்க்காரனுக்கு எதிராக ஒரு தீர்ப்பு சொன்னேன் என்று வையுங்கள், செத்த நேரத்தில் வெளியூர்க்காரனுக்கு எதிராகவும் ஒன்று சொல்லிவிடுவேன். தப்பு இருந்தாலும் சொல்வேன், இல்லாவிட்டாலும் சொல்வேன். ஆட்டம் முடியும்போது ரெண்டு பக்கமும் என்னை ஒரே அளவில் திட்டும். ஒரே அளவில் திட்டினால் நியாயமாக நடத்தினோம் என்று நினைத்தேன். அப்படித்தான் பேரும் வாங்கினேன். "அந்த அம்பயர் ரெண்டு பக்கமும் பாக்குறவருப்பா" என்பார்கள்.

ஒரு ஆட்டத்தில் வெளியூர்க்காரன் ஒருத்தன் பாடிப் போனான். லாரியில் கிளீனராக இருந்தவன். கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம். நாலு பேர் அமுக்கிவிட்டார்கள். மூச்சை விடாமல் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். தொட்டதைப் பார்த்தேன். ஆனால் முதல் பாதியில் உள்ளூர்க்காரனுக்கு ஒரு பாயின்ட் கெடுத்திருந்தேன். அது ஞாபகத்தில் இருந்தது. கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. அவுட் என்று விசில் ஊதினேன்.

அவன் எழுந்து வந்தான். சண்டை போடவில்லை. நடுவிரலை என் முகத்துக்கு நேரே காட்டினான். நுனியில் கோட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"தொட்டனா இல்லையாண்ணே? அத மட்டும் சொல்லுங்க."

நான் விசில் கயிற்றைக் கையில் சுற்றினேன். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அதற்கப்புறமும் ரெண்டு மூணு வருஷம் விசில் ஊதினேன். பிறகு மில்லை மூடினார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு ஆகாது. கால் ஓரிடத்தில் நிற்காது. வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

என் மச்சினன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஆறு கேபின். நடுவில் பிளைவுட் தடுப்பு. "மாமா, நீங்க கல்லாவுல உக்காருங்க, நான் வெளி வேலையப் பாக்குறேன்" என்றான். உட்கார்ந்தேன். ஆள் இல்லாத நேரத்தில் கல்லா கம்ப்யூட்டரில் தமிழ் தட்டப் பழகினேன். எழுத்துகளைப் பேப்பரில் எழுதி, வெட்டி, ஒவ்வொரு பொத்தான் மேலேயும் ஒட்டினேன். மூணு மாசத்தில் பேப்பர் தேய்ந்து போனது. அதற்குள் விரலுக்கு இடம் தெரிந்துவிட்டது.

திண்டுக்கல்காரர் ஒருத்தர் துபாயில் ஏசி வேலை பார்த்தார். வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர் ஆட்கள் பேசிக்கொள்ள இன்டர்நெட்டில் ஒரு தளம் வைத்திருந்தார். மழை பெய்ததா, எந்தக் கடையில் பிரியாணி கெட்டுப்போச்சு, யார் வீட்டில் கல்யாணம், யார் செத்தது, எல்லாம் அதில் வரும். அரசியலுக்குத் தனியாக ஒரு பகுதி. பேர் "மேடை". அதில்தான் அடிதடி. நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்றதும் மேடையைக் கட்டுப்படுத்த அவரால் முடியவில்லை. ஊருக்கு வந்தபோது எங்கள் கடைக்கு வந்தார்.

"நீங்க கபடி அம்பயர்தானண்ணே? மட்டுறுத்துநரா இருங்கண்ணே."

"அப்படின்னா?"

"அம்பயர்தான். எழுதுறது எல்லாம் முதல்ல உங்ககிட்ட வரும். நீங்க விட்டாத்தான் மேடையில தெரியும். தப்பா இருந்தா வெட்டிருங்க. வெட்டுன இடத்துல 'நீக்கப்பட்டது'ன்னு ஒரு வரி மட்டும் நிக்கும்."

"நான் எந்தக் கட்சியும் இல்ல."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

விதி மூணு. வீட்டுப் பொம்பளைகளை இழுக்கக் கூடாது. சாதி பேசக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. மூணு தடவை வெட்டு வாங்கினால் பத்து நாள் எழுத முடியாது. பொம்பளைகளை இழுத்தால் மட்டும் முதல் தடவையே பத்து நாள். இதை அவரே எழுதி மேடைக்கு மேலே போட்டார். ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பக்கம் நானும் ஒட்டினேன்.

எழுதுகிறவர்கள் சொந்தப் பேரில் எழுத மாட்டார்கள். ஆளுக்கொரு படம் வைத்திருப்பார்கள். படமும் வைத்த பேரும் இடது பக்கம் இருக்கும், எழுதியது வலது பக்கம். எனக்குப் படம்தான் ஆள். புலி, கார், கிரிக்கெட் மட்டை இவர்கள் ஆளுங்கட்சி. அந்தப் பக்கம் நிறையப் பேர். எதிர்க்கட்சிப் பக்கம் நாலைந்து பேர்தான். அதில் ஒருத்தர் படம் மைக்.

மைக் எழுதினால் தனியாகத் தெரியும். கெட்ட வார்த்தை இருக்காது. ஆனால் வலிக்கும். புலி பத்து வரி திட்டியிருக்கும், மைக் ஒரு வரியில் பதில் சொல்லும். அதற்கப்புறம் புலிக்கு வாய் இன்னும் கெட்டுப்போகும். யாரோ காலேஜ் படிக்கிற பையன் என்று நினைத்தேன்.

முதல் வாரம் இருக்கிறதை இருக்கிறபடி வெட்டினேன். ஆளுங்கட்சிப் பக்கம்தான் நிறைய விழுந்தது. எழுதுகிறவர்களும் அவர்கள்தானே நிறைய. ஒரு நாள் காலையில் ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் கடைக்கு வந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். உட்காரவில்லை.

"என்ன அம்பயரு, நம்ம பயலுக எழுதுனா மட்டும் கத்திரியத் தூக்கிர்றீரு?"

"கெட்ட வார்த்தை போட்டிருந்தாங்கண்ணே."

"அந்த மைக்கு என்ன ஒமக்கு மாமனா மச்சானா? அவன் எழுதுறதுல ஒண்ணுகூட நீக்கப்பட்டதுன்னு வரலியே. எண்ணிப் பாத்துட்டுத்தான் வாரேன். நம்ம ஆளுக ஒம்பது. அவன் பக்கம் ஒண்ணு. இதுதான் ஒம்ம நியாயமா?"

"பாக்குறேன்ணே."

"பாரும். கடை நகராட்சி இடத்துக்கு எதுத்தாப்புலதான் இருக்கு, அதையும் பாரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டீ சொன்னேன். குடிக்காமல் போய்விட்டார்.

அவர் போனதும் எனக்கு உட்கார முடியவில்லை. ஒம்பது, ஒண்ணு. திரும்பத் திரும்ப அதுவே ஓடியது. கிணற்றுமேடு வரைக்கும் விரட்டு வாங்கின அந்த அம்பயர் கண்ணில் வந்தார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சரிக்கட்டினேன்.

அன்றிலிருந்து ஆளுங்கட்சிப் பக்கம் ரெண்டு வெட்டினால் எதிர்க்கட்சிப் பக்கம் ரெண்டு. சாயங்காலம் கடையில் மாற்று ஆள் வருவதற்குள் ரெண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். எதிர்க்கட்சிப் பக்கம் வெட்டுகிற மாதிரி எதுவும் வராத நாளும் இருந்தது. அந்த நாளில் இருக்கிறதில் கொஞ்சம் காரமாக இருப்பதை எடுத்தேன். அப்படி மைக்குக்கு ரெண்டு விழுந்தது. மூணாவதும் விழுந்தது. மூணு விழுந்தால் பத்து நாள். அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினேன்.

வட்டச் செயலாளர் ரோட்டில் பார்த்துத் தலையாட்டினார். மனசு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. கேஸ் அடுப்பை அணைக்காமல் வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு நாலாம் நம்பர் கேபின்காரர் வந்தார். அவர் தினம் வருகிறவர். அறுபது வயசு இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வெயில் காலத்திலும் கழுத்தைச் சுற்றித் துண்டு. பேச மாட்டார். வருவார், நாலு விரலைக் காட்டுவார், போய் உட்காருவார். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு எடுத்து எழுதுவார். பழைய கட்சி நோட்டீஸைக் கிழித்த சீட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மூணு மாசமாக வருகிறார். ஊமை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு உள்ளே போனவர் திரும்பி வந்து கல்லாவில் சீட்டு வைத்தார். எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

"எழுத முடியவில்லை. கம்ப்யூட்டரைப் பாருங்கள்."

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. திரையில் மேடை. இடது பக்கம் மைக் படம். நடுவில் சிவப்பில் ஒரு வரி. "விதியை மூன்று முறை மீறியதால் பத்து நாட்களுக்கு எழுத இயலாது." அந்த வரியைப் போட்டது நான்.

மச்சினன் அப்போது கடையில் இருந்தான். எட்டிப் பார்த்தான். அவனுக்கு வாய் நிற்காது.

"அட, இதா? இதுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டரப் பாக்கணும்? அம்பயரே இங்கதான நிக்கிறாரு. எங்க மாமாதான். அவர்கிட்டயே கேளுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்தான். சீட்டு எடுத்தார், தடுப்புமேல் வைத்து எழுதினார்.

"என்ன தப்பாக எழுதினேன்? அதை மட்டும் காட்டுங்கள்."

அதை மட்டும். விசில் கயிறு கையில் இல்லை. பஸ்ஸும் வரவில்லை.

"பாத்துச் சொல்றேன்யா" என்றேன்.

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். மச்சினன் சொன்னான், "ஆளத் தெரியலயா மாமா? மணிக்கூண்டுல பேசுவாரே. தலைவர் வர லேட்டானா இவரத்தான் ஏத்தி விடுவாங்க. ரெண்டு மணி நேரம் ஒரு ஆளு எந்திரிச்சுப் போக மாட்டான். தொண்டையில கட்டி வந்து அறுத்துட்டாங்க. இப்பச் சத்தமே வராது. கட்சியிலயும் ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

எனக்கு ஞாபகம் வந்தது. மில் ஷிப்டு முடிந்து வரும்போது மணிக்கூண்டுப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். தலைவர் முகம் ஞாபகமில்லை. இவர் குரல் ஞாபகம் இருந்தது. தலைவர் கார் வந்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, மைக்கைத் துண்டால் துடைத்து வைத்துவிட்டு இறங்குவார்.

அவருக்கு மேடை என்று இருந்தது இது ஒன்றுதான். அதைத்தான் நான் அடைத்திருந்தேன்.

வெட்டினது எல்லாம் ஒரேயடியாக அழியாது. குப்பை என்று ஒரு இடத்தில் கிடக்கும், என் கண்ணுக்கு மட்டும் தெரியும். மறுநாள் காலையில் கடை திறந்ததும் அதைத் திறந்தேன்.

முதல் வெட்டு: "குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகிறது. வட்டச் செயலாளர் வீட்டுக் குழாயில் வருகிறதா? வரவில்லை என்றால் அவர் பாவம். வருகிறது என்றால் நாங்கள் பாவம்."

ரெண்டாவது: "அடிக்கல் நாட்டி நாலு வருஷம். அதன்மேல் இன்னொரு கல்லை வைத்தால் முதல் கல் கோபித்துக்கொள்ளுமா?"

மூணாவது: "தம்பி, பதில் சொன்னதற்கு நன்றி. நாளை பேசுவோம்."

மூணாவதை நாலு தடவை படித்தேன். அந்த நாள் ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது, எதிர்க்கட்சிப் பக்கம் ஒன்று குறைந்தது. கடைசியாக வந்தது இதுதான். படித்தேனா என்றுகூடத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தேன், வெட்டினேன்.

எழுந்தேன். பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றினேன். பழனி வண்டி, நத்தம் வண்டி, வத்தலக்குண்டு வண்டி எல்லாம் போனது. திரும்பி வந்து உட்கார்ந்து தட்டினேன். எனக்கு வேகம் கிடையாது. நாலே வரிக்கு அரை மணி நேரம் ஆனது.

"மைக் படக்காரர் எழுதிய மூன்றில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் தப்பாக வெட்டினேன். திரும்பப் போட்டிருக்கிறேன். தடையும் எடுத்தாச்சு. இப்படிக்கு அம்பயர்."

ஒரு மணி நேரத்தில் துபாயிலிருந்து போன்.

"என்னண்ணே இது? தப்புன்னு யாராவது போர்டு மாட்டுவாங்களா? சத்தமில்லாம எடுத்து விட்டிருக்கலாமுல்ல?"

"வெட்டுனது எல்லாருக்கும் தெரியும். அதான்."

"இனி ஒவ்வொருத்தனும் என்னதையும் பாருன்னு வருவான்."

"வரட்டும்."

வந்தார்கள். புலியும் வந்தது, காரும் வந்தது. வெட்டினது மொத்தத்தையும் மேலிருந்து படித்தேன். ரெண்டு நாள் ஆனது. ஆளுங்கட்சிப் பக்கத்திலும் நாலு தப்பாக வெட்டியிருந்தேன். ஏதோ ஒரு நாள் அந்தப் பக்கம் குறைந்திருக்கும். அதையும் போட்டேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். மச்சினனின் புதுச் சட்டைக்குள் வைத்திருந்த அட்டையை எடுத்தேன். நீளமாக வெட்டினேன். ரெண்டு ரப்பர் பேண்டில் மானிட்டரின் இடது பக்கம் மாட்டினேன். படமும் பேரும் அட்டைக்குப் பின்னால் போயிற்று. எழுத்து மட்டும் தெரிந்தது. முதலில் படிப்பது. கல்லாவில் ஒட்டின விதியைப் பார்ப்பது. வெட்டுவது, இல்லை விடுவது. அதற்கப்புறம்தான் அட்டையைத் தூக்குவது. பக்கத்துக்குப் பக்கம் எண்ணுவதை நிறுத்தினேன்.

எண்ணுவதை நிறுத்தினது கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் ஆனால் கை தானாகத் தேடும். இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை. வீட்டில் சாப்பிடும்போதும் மனசுக்குள் ஓடும். பெண்டாட்டி, "என்ன வாய்க்குள்ளயே எண்ணுறீக?" என்று கேட்டாள்.

நான் எண்ணாவிட்டாலும் வட்டச் செயலாளர் எண்ணினார். ஒரு வாரம் கழித்து வந்தார். கூட ரெண்டு பேர்.

"பதினாலுய்யா! நம்மாளு பதினாலு, அவன் ரெண்டு. திருந்திட்டேன்னு போர்டு வேற மாட்டுனீரு?"

"உக்காருங்கண்ணே" என்று என் நாற்காலியைக் கொடுத்தேன். "இப்ப பன்னெண்டு வந்திருக்கு. நீங்களே பாருங்க. அட்டையத் தூக்காமப் படிங்க. வெட்டணும்னா வெட்டுன்னு சொல்லுங்க, வேணாம்னா விடுன்னு சொல்லுங்க. நீங்க சொல்றபடி நான் அமுக்குறேன்."

"நான் என்ன ஒமக்கு கிளார்க்கா?" என்றார். ஆனால் உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டார். கூட வந்தவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"விடு. விடு. இது... விடு. ச்சீ, இது என்ன பேச்சு? இவன் வீட்டுல அக்கா தங்கச்சி இல்லியா? வெட்டு இத."

வெட்டினேன்.

"தூக்கும் அந்த அட்டைய. யாருன்னு பாப்போம்."

தூக்கினேன். புலி.

பின்னால் நின்றதில் ஒருத்தன் சிரித்துவிட்டான். "ஏலே, அது ஒன் மருமவன்டா" என்றான் இன்னொருத்தன், சிரித்தவன் காதில். எனக்கும் கேட்டது.

வட்டச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் ஏதோ கோவத்துல எழுதிருக்கான்" என்றார்.

"எதிர்க்கட்சி வேட்பாளரோட தங்கச்சியப் பத்தி எழுதிருக்கு. முதல் தடவையே பத்து நாள்ணே. மேல எழுதியிருக்கு."

"பத்து நாளா? ஓட்டுக்கே பன்னெண்டு நாள்தான இருக்கு?"

"ஆமாண்ணே."

எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "இதே அந்த மைக்கு எழுதுனா நீரு என்ன செய்யுறீருன்னு பாக்குறேன்."

"பாருங்கண்ணே" என்றேன்.

சொல்லிவிட்டேன். அவர் போனபிறகு அது மனசை அரித்தது. மைக் அப்படி எழுத மாட்டார் என்கிற தைரியத்தில் சொன்னேனா? தெரியவில்லை.

பெரியவர் திரும்பவும் தினம் நாலு மணிக்கு வந்தார். தடையை எடுத்த அன்று ஒரு சீட்டு வைத்தார். "பார்த்தேன்." அந்த ஒரு வார்த்தைதான். நாலாம் நம்பரில் தட்டுகிற சத்தம் ஒரு மணி நேரம் நிற்காது. ரெண்டே விரலால் தட்டுவார். ஆனால் பேசுகிற மாதிரி தட்டுவார். கொஞ்சம் மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் டக்கென்று நிறுத்தி. மணிக்கூண்டில் கைதட்டலுக்கு நிறுத்துவாரே, அதே மாதிரி.

புலிக்குத் தடை போட்ட நாலாம் நாள். அட்டை மாட்டியிருந்தது. வரிசையாகப் படித்தேன். விட்டேன், விட்டேன். ஒன்றில் நின்றேன்.

"சொந்த வீட்டில் பெண்டாட்டியைக் கட்டிக்காக்கத் தெரியாதவர் வார்டை எப்படிக் காப்பாற்றப் போகிறார்?"

ஆளுங்கட்சி வேட்பாளர் பெண்டாட்டி கோவித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தது ஊருக்கே தெரியும். அதைத்தான் இழுத்திருந்தார்கள். விதியில் முதல் வரி. வெட்டினேன். அட்டையைத் தூக்கினேன்.

மைக்.

அட்டையைப் பழையபடி இறக்கினேன். திரும்பத் தூக்கினேன். மைக்தான். நாலாம் நம்பரில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அடுத்ததை எழுதிக்கொண்டிருந்தார். ஓட்டுக்கு எட்டு நாள்.

பத்து நாள் பொத்தான் மேல் விரலை வைத்தேன், எடுத்தேன். போய்த் தண்ணீர் குடித்தேன். வாசலில் நின்றேன். உள்ளே வந்தேன். முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? முன்னாடி அவருக்குத் தப்பாக மூணு வெட்டினேனே, அதுக்கு இதைச் சரிக்கட்டிவிடலாம் என்பதுதான். அவருக்கு ஒன்று கெடுத்தேன், அவருக்கு ஒன்று விடுகிறேன். இருபது வருஷத்துப் பழக்கம். அட்டையைத் தாண்டியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

புலிக்கு என்ன செய்தேனோ அதையே செய்தேன். அமுக்கினேன்.

நாலாம் நம்பரில் சத்தம் நின்றது.

செத்த நேரம் கழித்து வந்தார். கல்லாவில் சீட்டை வைத்து அங்கேயே எழுதினார்.

"எந்த வரி?"

இந்தத் தடவை பதில் இருந்தது. மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். குப்பையைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தேன். விதித் தாளில் முதல் வரியிலும் விரலை வைத்தேன். அவர் படித்தார். குனிந்து திரும்பவும் படித்தார். கழுத்துத் துண்டு ஏறி இறங்கியது.

சீட்டு எழுதினார். "மேடையில் இதற்குத்தான் நிறையக் கைதட்டுவார்கள்."

"தட்டுவாங்கய்யா. நானே தட்டியிருப்பேன். ஆனா புலிக்கும் இதத்தான் வெட்டுனேன்."

இன்னொரு சீட்டு. "பத்து நாளில் ஓட்டு முடிந்துவிடும்."

"முடிஞ்சிரும்யா."

பேனாவை மூடினார். ரெண்டு சீட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாலு மணி ஆனால் என் கண் வாசலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு ரெட்டியார்சத்திரம் பக்கம் பஸ் ஏறினேன். அந்தக் கபடிக்காரனைத் தேடி அவன் ஊருக்குப் போனேன். 'நீ தொட்ட' என்று அவனிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவன் வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். லாரி டிரைவராகித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார்கள். போன் நம்பர் யாரிடமும் இல்லை. "என்ன விசயம்ணே, சொல்லணுமா?" என்று ஒருத்தர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பெரியவர் வந்தார். நாலு விரலைக் காட்டினார்.

"எழுத முடியாதேய்யா" என்றேன்.

கண்ணைத் தொட்டுக் காட்டினார். படிக்கலாமே என்று அர்த்தம். போய் உட்கார்ந்தார். எழுதத்தான் தடை. ஒரு மணி நேரம் அங்கேயிருந்து தட்டுகிற சத்தமே வரவில்லை. மவுஸை உருட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அப்படியே மீதி நாள் எல்லாம் வந்தார். ஊரெல்லாம் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கத்திக்கொண்டு போகும். அவர் உள்ளே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு இருப்பார். எனக்கு அந்த ஒரு மணி நேரம் கல்லாவில் உட்கார முடியாது. கேபினைத் துடைப்பேன், பிரின்டரில் பேப்பரை எடுத்து எடுத்து அடுக்குவேன்.

வட்டச் செயலாளர் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார். நாலாம் நம்பரில் பெரியவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மைக் யார் என்று மச்சினன் அவரிடம் சொல்லியிருப்பான். ரெண்டு டீ சொல்லிவிட்டுப் போனார். ஒன்று எனக்கு. இன்னொன்று நாலாம் நம்பருக்கு.

ஓட்டு முடிந்தது. ஆளுங்கட்சி ஜெயித்தது. அவர் எழுதியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

பத்து நாள் முடிந்த மறுநாள், நாலு மணி. நாலாம் நம்பரில் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் நிறுத்தி. நான் அட்டையைச் சரிசெய்தேன். ஆனால் இப்போது வருவது அவருடையது என்று அட்டைக்கு இந்தப் பக்கமே தெரிந்துவிடும். எனவே எழுந்து வெளியே போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். பத்துப் பேர் எழுதட்டும், எல்லாம் கலந்து கிடக்கட்டும் என்று நின்றேன்.

திரும்பி வந்தேன். பதினொன்று வந்திருந்தது. மேலிருந்து படித்தேன். தண்ணீரைப் பற்றி ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று அவருடையது போல இருந்தது. விதியைப் பார்த்தேன். தப்பு இல்லை. விட்டேன். கடைசிக்கு முந்தினதில் சாதிப் பேச்சு இருந்தது. வெட்டினேன். அட்டையைத் தூக்கினேன்.

கார் படம்.

அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்ததும்தான் உறைத்தது, வந்திருக்கக் கூடாது. அட்டையை இறக்கினேன். பதினொன்றையும் மேலிருந்து திரும்பப் படித்தேன்.